அப்பா எப்படிக் குளிக்கிறார்னு கேட்டிருக்கீங்களா?

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் அறுபதைத் தாண்டியவர், பக்கவாதம் வந்தவர், மூட்டு தேய்ந்தவர், இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் யாராவது இருந்தால் முழுசா படிச்சிடுங்க. இல்லைன்னாலும் படிங்க. பத்து வருஷம் கழிச்சாவது உதவும்.

நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். ஓ.பி.க்கு வயதானவர்கள் வந்தால் சுகர், பிரஷர், பசி, தூக்கம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு இன்னொரு கேள்வியும் கேட்பேன்.

"எப்படிக் குளிக்கிறீங்க?"

முதலில் சிரிப்பார்கள். "இதென்ன தாயி கேள்வி, எல்லாரையும் போல தண்ணி ஊத்தித்தான்" என்பார்கள். நின்னுக்கிட்டா, உக்காந்தா? வாளி எங்க இருக்கும்? எதைப் பிடிச்சு எந்திரிப்பீங்க? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மொண்டு ஊற்றுபவர் இருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து குளித்துவிட்டு எழ முடியாமல், மருமகளைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, ஈரத்துணியோடு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்த பாட்டி இருக்கிறார்.

காலுக்கு சோப்பு போட்டு ஆறு மாசம் ஆச்சு என்று சொன்ன சுகர் பேஷண்ட் இருக்கிறார். குனிந்தால் தலை சுற்றுமாம்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் துடைச்சுக்கிறேன், இந்த வயசுல அது போதும்" என்பவர்கள் நிறைய. வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். "குளிக்கச் சொன்னா சண்டைக்கு வர்றாரு டாக்டர்" என்று புகாரும் சொல்கிறார்கள்.

அது பெரும்பாலும் சோம்பேறித்தனம் கிடையாதுங்க. பயம்.

*குளியல்தான் முதலில் கைவிட்டுப் போகும்*

சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஒருவர் அடுத்தவர் உதவி இல்லாமல் வாழ முடியுமா என்பதை ஆறு வேலைகளை வைத்துப் பார்ப்பது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. உலகம் முழுக்க முதியோர் மருத்துவத்தில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறோம்.

பெரிய நோயிலிருந்து மீள்பவர்களுக்கு தானாகச் சாப்பிடும் திறன் முதலில் திரும்புகிறது, உடுத்துவதும் குளிப்பதும் கடைசியில்தான் வருகின்றன என்பது அவர்கள் கவனித்த விஷயம். வயதாகும்போது நடப்பது இதற்குத் தலைகீழ். குளியல்தான் முதலில் போகும்.

ஏன்னு கேட்டா, ஒரு குளியலில் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பாத்ரூம் படியைத் தாண்ட வேண்டும். ஒற்றைக் காலில் நின்று உடையைக் கழற்ற வேண்டும். வாளியில் குனிந்து மொண்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள மக்கைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அதையே இருபது முப்பது தடவை செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்கு சோப்பு போட வேண்டும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். காலைத் தூக்கித் தேய்க்க வேண்டும். இதெல்லாம் சோப்புத் தண்ணீர் ஓடும் டைல்ஸ் மேல். கடைசியில் ஈர உடம்போடு மறுபடி ஒற்றைக் காலில் நின்று துணி மாற்ற வேண்டும்.

நமக்கு இது பத்து நிமிஷம். முழங்கால் தேய்ந்த எழுபது வயது அம்மாவுக்கு இது சர்க்கஸ்.

*கண்ணை மூடியதும் ஏன் தள்ளாடுகிறது?*

நாம் விழாமல் நிற்க மூன்று வழியில் மூளைக்குத் தகவல் போகிறது. கண், உள்காது, அப்புறம் காலின் உணர்ச்சி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும்.

நீண்ட நாள் சுகர் இருப்பவர்களுக்குப் பாத உணர்ச்சி குறைந்திருக்கும். அவர்கள் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள். முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் அதுவும் போச்சு. அந்த நொடியில்தான் தள்ளாட்டம் வரும். நரம்பியல் மருத்துவர்கள் "முகம் கழுவும்போது விழப் பார்க்கிறீங்களா?" என்று கேட்பது இதற்காகத்தான்.

அடுத்து வெந்நீர். சூடான தண்ணீர் பட்டால் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும், பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழும்போது பிரஷர் சட்டென்று சரியலாம். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். காலையில் வெறும் வயிற்றோடு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்துவிட்டு "திடீர்னு கண்ணு இருட்டிருச்சு" என்று வருபவர்களின் கதை இதுதான்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கீழே விழுவதால் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். அதில் அதிகம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இறக்காமல் இடுப்பு எலும்பு உடைந்து வருபவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டால் "பாத்ரூம்ல" என்ற பதில் வந்துகொண்டே இருக்கிறது.

*இனி என்ன செய்யலாம்?*

சுருக்கமா சொல்லணும்னா ஒரே வரி. நடை தள்ளாடுகிறவர் உட்கார்ந்து குளிக்கணும், அதுவும் முடிந்தவரை தன் கையாலேயே குளிக்கணும்.

நான் சொல்லப் போகும் சாமான்கள் எல்லாம் இந்த ஒரு வரிக்காகத்தான்.

*1. உட்காரும் ஸ்டூல்*

மனைப்பலகை வேண்டாம். அதிலிருந்து எழுவது தரையிலிருந்து எழுவதற்குச் சமம். இடுப்பு மூட்டு ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தாழ்வான எந்த இருக்கையும் ஆகாது.

பிளாஸ்டிக் சேரும் வேண்டாம். எல்லா வீட்டிலும் அதைத்தான் போடுகிறார்கள். ஈர டைல்ஸில் கால் விரியும், பழைய சேர் என்றால் படக்கென்று உடையும். சில வீடுகளில் நடுவில் ஓட்டை போட்டு கமோடு சேராக்கி வைத்திருப்பார்கள். வெட்டிய விளிம்பு தோலைக் கிழித்துப் புண்ணோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் மூடி மேல் உட்கார்ந்து குளிப்பதும் ஆபத்துதான். அந்த மூடி ஆள் எடையைத் தாங்குவதற்காகச் செய்தது இல்லை.

மருத்துவ உபகரணக் கடையில் "ஷவர் சேர்", "ஷவர் ஸ்டூல்" என்று கேளுங்கள். அலுமினியக் கால், பிளாஸ்டிக் இருக்கை, தண்ணீர் வடிய ஓட்டை, காலுக்கு ரப்பர் புஷ், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, இவ்வளவும் இருக்கணும். எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

உயரம் எப்படிப் பார்ப்பது? உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியணும், இடுப்பு முழங்காலை விடக் கீழே போகக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை அடியை ஒட்டி வரும். முழங்கால் வலி அதிகம் என்றால் ஒரு அங்குலம் கூட்டுங்கள்.

முழங்கால் வலி மட்டும் இருப்பவர்களுக்குச் சாதாரண ஸ்டூல் போதும். பக்கவாதம், பார்கின்சன் இருப்பவர்களுக்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் கட்டாயம். இடுப்புக்குக் கீழ் செயல் இல்லாதவர்களுக்கு பிரேக் உள்ள சக்கரம் வைத்த கமோடு நாற்காலி. அதில் மெத்தை வைத்த இருக்கையாகப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் கெட்டியான விளிம்பு அழுத்தினால் அவருக்கே தெரியாமல் படுக்கைப் புண் வந்துவிடும்.

கால் எடுக்கப்பட்டவர்கள் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நொண்டி நொண்டிப் போகவே கூடாது. இருக்கை வரை போய், உட்கார்ந்த பிறகுதான் கழற்றணும். தண்ணீர் படக்கூடாத கால் என்றால், உலர்ந்த இடத்திலேயே கழற்றிவிட்டு சக்கரம் வைத்த நாற்காலியில் உள்ளே போகணும்.

*2. கைப்பிடிக் கம்பி*

துண்டு போடும் கம்பி, குழாய், வாஷ் பேசின் விளிம்பு. இந்த மூன்றையும் பிடித்து எழுவதால் விழுந்தவர்கள் ஏராளம். அதெல்லாம் ஆள் எடையைத் தாங்காது.

கைப்பிடிக்கு என்றே எஸ்.எஸ். கம்பி கிடைக்கிறது. கை நிறையப் பிடிக்கும்படி ஒன்றரை அங்குலம் கனம் இருக்கணும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடம் போதும், ஒன்றரை இரண்டு அங்குலம். அதிகம் விட்டால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

சுவரில் துளை போட்டு ஆங்கர் போல்ட் வைத்துத்தான் மாட்டணும். டைல்ஸில் ஒட்டவைக்கும் வெற்றிடக் கைப்பிடிகள் வாங்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும். சோப்புப் படலம் ஏற ஏற எப்போது கழன்று வரும் என்று தெரியாது. ஹாலோ பிளாக் சுவர் என்றால் பிளம்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே மாட்டுவது? பாத்ரூம் வாசலில் நெட்டுக்குத்தலாக ஒன்று. ஸ்டூலுக்குப் பக்கத்தில் படுக்கைவசமாக ஒன்று, தரையிலிருந்து சுமார் இரண்டரை அடியில். அளவு டேப்பை விட நல்ல வழி ஒன்று இருக்கு. அவரை உடையோடு ஸ்டூலில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். அதுதான் இடம். பக்கவாதம் வந்தவர் என்றால் நல்ல கைப் பக்கம் மாட்டணும்.

*3. தண்ணீர்*

வாளியைத் தரையில் வைக்காதீர்கள். இன்னொரு கெட்டியான முக்காலி மேல் வைத்தால் குனிய வேண்டியதில்லை. மக் சின்னதாக இருக்கட்டும், அரை லிட்டர் போதும்.

அதைவிடச் சுலபம் கை ஷவர். ட்யூப் நீளமாக, ஒன்றரை மீட்டராவது இருக்கணும். மடியில் வைத்துக்கொண்டே குளிக்கலாம். ஒரு கை வராதவர்களுக்கு இது வரப்பிரசாதம். குழாயைத் திருகித் திறப்பதை விட நெம்பித் திறக்கும் குழாய் நல்லது.

சூடு விஷயத்தில் கவனம். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். முதியவர்கள் தோல் மெலிசு, இன்னும் சீக்கிரம் பொசுங்கும். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள் காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது. தண்டுவடம் பாதித்தவர்கள் உணர்ச்சி உள்ள கையால் பார்க்கணும். முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் வெதுவெதுப்பு என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் கலக்குவது என்று பழக்குங்கள்.

வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு இருக்கிறதே, தடுமாற்றம் உள்ளவர் குளிக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். தண்ணீரை வெளியே காய்ச்சி எடுத்து வாருங்கள்.

*4. காசில்லாத உதவிகள்*

சோப்பு நழுவி விழுந்து, அதை எடுக்கக் குனிந்து விழுந்தவர்கள் உண்டு. பழைய சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டு முடிந்து கம்பியில் கட்டிவிடுங்கள். நழுவாது, அதை வைத்தே தேய்க்கலாம். பம்ப் வைத்த திரவ சோப்பும் சரிதான்.

பீர்க்கங்காய்க் கூட்டை ஒன்றரை அடிக் குச்சியில் கெட்டியாகக் கட்டினால் முதுகுக்கும் பாதத்துக்கும் எட்டும். ஒரு துண்டின் இரண்டு முனையிலும் கை நுழையும் வளையம் தைத்துக் கொடுத்தால், விரல் மடங்காதவர்களும் முதுகு துடைத்துக்கொள்வார்கள்.

சாமான் எல்லாம் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கணும். மாற்று உடையும் அப்படியே. துடைப்பதும் சட்டை போடுவதும் உட்கார்ந்தே நடக்கட்டும்.

*5. தரை, கதவு, விளக்கு*

தரையில் ரப்பர் மேட் போடுங்கள், அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் வகை. வாரம் ஒரு முறை தூக்கித் தேய்த்துக் காயவைக்கவில்லை என்றால் அடியில் பாசி பிடித்து அதுவே வழுக்கும். பழைய துணியையும் சாக்கையும் மிதியடியாகப் போடாதீர்கள், அது காலோடு சேர்ந்து நகரும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்களில் தனிக் கவனம். தீபாவளி காலையில் வீட்டில் ஐந்து பேர் எண்ணெய் வைத்துக் குளித்த தரையில் ஆறாவதாகத் தாத்தா போகக் கூடாது. அவரை முதலில் அனுப்புங்கள். எண்ணெயை உள்ளங்காலில் தேய்க்க வேண்டாம்.

கதவு உள்பக்கம் திறக்கும் வகை என்றால், உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடப்பார், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. முடிந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருக்கட்டும். "தாழ்ப்பாளே வேண்டாம், கதவைத் திறந்து வச்சுக் குளிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் குளிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

பல்பு பளிச்சென்று இருக்கட்டும், சுவிட்ச் வெளியே இருக்கட்டும்.

*ஒரு நெசவாளர் வீட்டுக் கதை*

இடுப்பு வலி என்று ஒரு அம்மா வருவார். ஒல்லியான உடம்பு, அறுபது வயசு இருக்கும். பல இடத்தில் ஊசி போட்டும் வலி போகவில்லை. என்ன வேலை செய்வீங்க என்றேன். வீட்டு வேலைதான் என்றார். கனமா எதுவும் தூக்குறீங்களா என்றேன்.

"எங்க வீட்டுக்காரரைத்தான் தாயி தூக்குறேன்."

கணவர் தறி நெய்தவர். பக்கவாதத்தில் வலது கை, வலது கால் வரவில்லை. தினமும் அவரைத் தரையில் உட்காரவைத்துக் குளிப்பாட்டி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துகிறார். எழுபது கிலோ ஆளை நாற்பத்தைந்து கிலோ அம்மா. எந்த ஊசி இதைச் சரி பண்ணும்?

மகனை வரச் சொல்லி ஸ்டூல், கம்பி, கை ஷவர் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா தினமும் குளிப்பாட்டி சுத்தமாத்தான் வச்சிருக்காங்க. நாங்க பார்த்துக்கறது போதாதா?"

போதும்தான். அந்த அம்மா செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் சுத்தமாக இருப்பது வேறு, தானாகக் குளிப்பது வேறு. ஐம்பது வருஷம் தன் கையால் குளித்த மனுஷன் ஒரு நாள் காலையில் துணியில்லாமல் தரையில் உட்கார்ந்து, இன்னொருவர் எப்போது தண்ணீர் ஊற்றுவார், எப்போது நிறுத்துவார் என்று காத்திருக்கிறார். குளிப்பாட்டுவது பெண்டாட்டி என்றாலும் கூச்சம் கூச்சம்தான். அதுவே மகளோ மருமகளோ என்றால் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த எதிர்ப்பு அவரிடமிருந்தே வந்தது. "சேர்ல உக்காந்து குளிக்க நான் என்ன முடமா?"

அவருக்கு டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தவர். 1954ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் போய்விட்டது. அதன்பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையத்தை உருவாக்கியவரும் அவர்தான். அவர் உட்கார்ந்து ஆபரேஷனே செய்திருக்கிறார், நாம உட்கார்ந்து குளிச்சா என்னங்க ஐயா என்றேன். பதில் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். வலி முழுசாகப் போகவில்லை, பாதி குறைந்திருந்தது. இப்போது புதுப் புகார்.

"உள்ள போனா முக்கால் மணி நேரம் வெளிய வரமாட்டேங்குறாரு தாயி. டாங்க் தண்ணி பூரா காலி."

இடது கைப் பக்கம் கம்பி. ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையில் கை ஷவர். முதுகு மட்டும் அம்மா தேய்க்கிறார். குளித்து முடித்துத் தானே சட்டை மாட்டிக்கொண்டு வாசல் திண்ணைக்கு வந்து உட்காருகிறாராம். ஒன்றரை வருஷமாக வராத திண்ணை. "மேல நாத்தம் அடிக்குமோன்னு யார் பக்கத்துலயும் உக்கார மாட்டாரு" என்று அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்.

கை சரியாகவில்லை, கால் சரியாகவில்லை. ஆனால் அவர் திண்ணைக்கு வந்துவிட்டார்.

*உதவி தேவைப்பட்டால்*

எல்லோராலும் தனியாகக் குளிக்க முடியாது. அப்போதும் எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள். முகமும் மறைவிடமும் அவர் கையால் முடியுமானால் அவரே செய்யட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும். மடியில் ஒரு துண்டு போர்த்தியே வையுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு சட்டை மாட்டும்போது வராத கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும்.

குளியல் நேரம்தான் உடம்பு முழுக்கப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம். முதுகெலும்பின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, சுகர் இருப்பவர்களுக்கு விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். அழுத்தி எடுத்த பிறகும் போகாத சிவப்பு இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். மடிப்புகளை ஒற்றி ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம்.

*எங்கே வாங்குவது, யார் உதவுவார்கள்?*

விலை ஊருக்கு ஊர் மாறும். சாதாரண ஷவர் ஸ்டூல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கம்பியும் மேட்டும் சில நூறு ரூபாய்தான். உடைந்த இடுப்பு எலும்புக்கு ஆகும் செலவை, அதைவிட அந்த மூன்று மாத வலியை, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்க முடியாதவர்களுக்கு வழி இருக்கு. அறுபது வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு 2017ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் முகாம் நடத்தி ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி போன்றவற்றை இலவசமாகத் தருகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வலி நிவாரண நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அவர்கள் வரும்போது காலை மட்டும் காட்டாதீர்கள், பாத்ரூமையும் காட்டுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, எந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும் என்று அதில் கேட்கலாம்.

*ஸ்டூல் வாங்குவதோடு நிறுத்தக் கூடாத நேரம்*

எழுந்தால் கண் இருட்டுகிறது, ஒரு வருஷத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார், சமீபமாக நடை மாறியிருக்கிறது. இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை மாற்றினாலே சரியாகும் கேஸ்கள் உண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

விழுந்துவிட்டால் பதறிப்போய் உடனே தூக்கி நிறுத்த வேண்டாம். எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, தொடை இடுக்கில் வலி என்றாலோ அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.

*இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை*

உங்கள் வீட்டுப் பாத்ரூமுக்குள் போங்கள். தரையை நனையுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இப்போது அப்பாவோ அம்மாவோ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, வாளியில் மொண்டு, சோப்பை எடுத்து, எழுந்து வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். கை எங்கெல்லாம் பிடிமானம் தேடியதோ அங்கெல்லாம் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

முடித்துவிட்டு அவர்களிடம் கேளுங்கள். "குளிச்சாச்சா" என்று தினமும் கேட்கிறோம். இந்தத் தடவை எப்படிக் குளிக்கிறீங்க என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும் ஒருவருக்காவது இந்த இழையை அனுப்பி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்க, டியூட்டி முடிந்து வந்து பதில் போடுறேன்.